கள்ளி: ஒரே பேர், நான்கு குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வீட்டுக்குள் வளர்க்கும் முள்செடிகளைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதில் ‘மெக்சிகோ கள்ளி’ என்று போட்டிருந்த பெரிய படத்தில் இருப்பது மெக்சிகோ செடி அல்ல, கேக்டஸும் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த யுபோர்பியா ட்ரைகோனா அது. மூன்று பட்டை (நீளவாக்கில் ஓடும் மேடு) உள்ள தண்டு, பட்டையின் விளிம்பில் இரண்டிரண்டாக முள், முள்ளுக்கு மேலே விரல்நுனி அளவு பச்சை இலை என்று படத்திலேயே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பெயர் மாறிப்போனது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ‘ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும்’ என்று கீழே யோசனை சொல்லியிருக்கிறது. இந்தச் செடியை வெறுங்கையால் ஒடித்தால் வெள்ளைப் பால் பீறிடும். அது கண்ணில் பட்டால் அன்று இரவு உறக்கம் இருக்காது, பார்வைக்கே கேடு வரலாம்.

தவறு கட்டுரையாளருடையது மட்டும் என்று சொல்ல முடியாது. நம் மொழியிலேயே இரண்டுக்கும் ‘கள்ளி’ என்றுதான் பேர். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யுபோர்பியா. அவை ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், குப்பைமேனி இருக்கும் குடும்பம். தெருவோரம் தரையோடு படர்கிற அம்மான் பச்சரிசி சதுரக்கள்ளிக்குப் பங்காளி, இரண்டும் ஒரே பேரினம். சப்பாத்திக்கள்ளி கேக்டஸ் குடும்பம். அதற்கு நெருங்கிய உறவு பருப்புக்கீரையும், வாசல் தொட்டிகளில் பூக்கும் பத்துமணிப் பூவும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தண்டுக்கீரை, பீட்ரூட். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்றால் நாக்கில் ஒட்டும் அந்தச் சிவப்பு பீட்ரூட்டில் இருக்கும் சாய வகையைச் சேர்ந்ததுதான். ஆமணக்குக் குடும்பத்தில் அந்தச் சாயமே கிடையாது.

இந்த இரண்டு குடும்பங்களும் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெவ்வேறு கிளையாகப் பிரிந்துவிட்டவை. கேக்டஸ் தோன்றியது அமெரிக்கக் கண்டத்தில். முள் உள்ள யுபோர்பியாக்கள் பெருகியது ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும். நடுவில் ஒரு பெருங்கடல். ஆனாலும் அரிசோனாவின் சகுவாரோ கேக்டஸையும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மரக்கள்ளியையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரியும். இரண்டையும் அப்படி ஆக்கியது ஒரே மாதிரியான வறட்சி. இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், ஆகவே இலை போயிற்று. இலை போனதும் தண்டு பச்சையாகி, இலையின் உணவு தயாரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தண்டு பருத்தது. பருத்த தண்டு மழையில் விரிந்து கோடையில் சுருங்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பட்டைகள். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மடிந்து விரிவது போல, தோல் கிழியாமல் விரிந்து கொடுக்கும். தண்ணீர் நிறைந்த பச்சைத் தண்டை ஆடு மாடு விடுமா? அதற்கு முள்.

வெளியே தெரியாத ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே பகலில் தோலில் உள்ள நுண்துளைகளை மூடி, இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் மாவுப்பொருள் ஆக்குகின்றன. இந்த இரவு முறையின் முதல் தடயங்களில் ஒன்று கிடைத்ததும் ‘கள்ளி’ என்று நாம் சொல்லும் ஒரு செடியில்தான். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கண்டு எழுதிய குறிப்பு 1815-ல் லண்டனில் வெளியானது. ரணகள்ளி மேலே சொன்ன இரண்டு குடும்பத்திலும் சேராதது. அதன் குடும்பம் மூன்றாவது.

நான்காவது கள்ளிமுளையான். தென்மாவட்டங்களில் துவையல் அரைக்கிறார்களே, அது. நாலு பட்டைத் தண்டு, ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். எருக்கின் குடும்பம், ஆனால் எருக்கம்பால் போல் பால் வராது. கிள்ளினால் தெளிந்த நீர் கசியும். பட்டை விளிம்பில் மெத்தென்ற பல் போன்ற நுனிகள் இருக்கும், குத்தும் முள் இருக்காது. இளம் சதுரக்கள்ளியும் நாலு பட்டையோடுதான் முளைக்கும். கரட்டு நிலத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்பதும் உண்டு. துவையலுக்குப் பறிப்பவர்கள் ஒவ்வொரு தண்டையும் கிள்ளிப் பார்த்துத்தான் கூடையில் போட வேண்டும். பால் துளிர்த்தால் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பறித்த மொத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிறகு பிரிக்கலாம் என்று விடக்கூடாது, ஒன்றின் பால் மற்றதில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, யுபோர்பியாவையும் கேக்டஸையும் பிரித்தறிவது எப்படி? பால்தான் முதல் சோதனை என்று பலரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. மாமிலேரியா என்னும் குட்டை உருண்டைக் கேக்டஸ்களில் சிலவற்றிலும் வெள்ளைப் பால் வரும். மேலும், பாலைப் பார்க்கச் செடியைக் காயப்படுத்த வேண்டும். அதைவிட முள்ளின் அடியைப் பார்ப்பது நல்லது. கேக்டஸில் முட்கள் ஒரு சிறு பஞ்சு மெத்தை போன்ற திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். முள் உதிர்ந்துபோனாலும் அந்தத் திட்டு இருக்கும். யுபோர்பியாவில் பஞ்சுத் திட்டு கிடையாது. சதுரக்கள்ளியில் கெட்டியான கொம்பு போன்ற அடியிலிருந்து இரண்டு முட்கள், மாட்டுக் கொம்பு மாதிரி இரு பக்கமும் விரியும். சப்பாத்திக்கள்ளியின் புதிய மடலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திட்டின் கீழும் ஊசி போன்ற சின்னப் பச்சை இலை ஒன்று இருக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். இலை என்று நாம் நினைக்கிற அந்தத் தட்டையான மடல் உண்மையில் தண்டு.

பூ வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கேக்டஸ் பூ பெரிது, அடுக்கடுக்கான இதழ், நடுவில் நூற்றுக்கணக்கில் மகரந்தத் தாள், காய் சதைப்பழம், உள்ளே ஏராளமான விதை. யுபோர்பியாப் பூ கடுகுக்குச் சற்றுப் பெரிய மஞ்சள் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் நடுவில் ஒரு பெண் பூ, சுற்றி ஒற்றைத் தாள் மட்டுமே உள்ள ஆண் பூக்கள். காய் மூன்று அறை, ஆமணக்கு முத்தின் காயைச் சிறிதாக்கி வைத்தாற்போல இருக்கும், முற்றினால் வெடிக்கும்.

நர்சரியில் ஒட்டுக் கட்டுபவர்களுக்கு இந்த உறவு புத்தகம் படிக்காமலே தெரியும். சிவப்பு, மஞ்சள் பந்து போல விற்கும் ‘மூன் கேக்டஸ்’ டிராகன் பழக்கொடியின் தண்டின் மேல் ஒட்டுக் கட்டியது. இரண்டும் கேக்டஸ், ஆகவே ஒட்டும். விசிறி போல் மடிந்து நெளிந்த கொண்டைக்கள்ளி இலைக்கள்ளித் தண்டின் மேல் கட்டியது. இரண்டும் யுபோர்பியா. மாற்றிக் கட்டினால் உருவம் எவ்வளவு ஒத்திருந்தாலும் சேராது, அழுகிப்போகும். டிராகன் பழக்கொடியின் தண்டும் மூன்று பட்டை, உங்கள் படத்தில் உள்ள ட்ரைகோனாவும் மூன்று பட்டை. டிராகன் குச்சி என்று யாராவது தந்தால், முள்ளடியில் பஞ்சுத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

உருவ ஒற்றுமையை நம்பி ஓர் அரசே ஏமாந்த கதை நம் சென்னையோடு தொடர்புடையது. அன்று உலகின் விலை உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோ சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. ஒரு கிலோ சாயச்சரக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சி வேண்டும். வியாபாரம் ஸ்பெயின் கையில் இருந்தது. அதை உடைக்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி இந்தியா வந்து சேர்ந்தது. வெள்ளைப் பஞ்சு போர்த்திய உடம்பு, நசுக்கினால் சிவப்பு, பார்வைக்கு அசல் கொச்சினீல் போலவே இருந்தது. ஆனால் அது வேறு இனம், சாயம் தரமற்றது. சாயத் தொழில் எழவில்லை. அந்தப் பூச்சியோ ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. அதைக் கண்டுதான் 1836–38-ல் வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும், 1865 வாக்கில் இலங்கைக்கும் களையழிக்க என்றே கொண்டுபோனார்கள்.

அங்கேயும் உருவம் ஏமாற்றியது. நம் கரிசல், செம்மண் காடுகளில் பரவியிருந்த இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை, மஞ்சள் முள் உள்ளதை, அந்தப் பூச்சி தொடவில்லை. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பூச்சிக்கு அல்ல. 1926-ல் அதற்கென்றே உரிய வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது சில ஆண்டுகளில் ஒடுங்கியது. இத்தனை பூச்சியும் இத்தனை காலமும் பக்கத்திலேயே நின்ற சதுரக்கள்ளியைத் தொட்டதில்லை.

கட்டுரையில் இன்னொரு பிழை. சங்கப் பாடல்களின் பாலை நிலத்துக் கள்ளியைச் சொல்லிவிட்டு அருகில் சப்பாத்திக்கள்ளிப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். கொலம்பஸுக்கு முன் சப்பாத்திக்கள்ளி இந்தப் பக்கமே கிடையாது. கள்ளியங்காடு என்று அன்று பாடியது யுபோர்பியாவைத்தான். பழைய பேரை வெளிநாட்டிலிருந்து வந்த செடிக்கும் நாம் கொடுத்துவிட்டோம். கேக்டஸ் குடும்பத்தில் அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே, மனிதர் கொண்டுபோகாமல் இயற்கையாகவே வளர்வது ஒன்றே ஒன்று: மரக்கிளையில் தொங்கும் முள்ளில்லாத ரிப்சாலிஸ் பேக்கிஃபெரா. ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் உண்டு. அதைப் பார்த்து யாரும் கள்ளி என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, கிளை நடுவது பற்றி. யுபோர்பியாவை ஒடிக்கக் கூடாது, கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தலைக்கு மேல் உள்ள கிளையை அண்ணாந்து வெட்டக் கூடாது, பால் முகத்தில் சொட்டும். வெட்டிய முனையைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். பிறகு நிழலில் 10 முதல் 14 நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும் இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு மண்ணும் கலந்த தொட்டியில் நட வேண்டும். ஈரம் காயாமல் நடுவதால்தான் பல அழுகுகின்றன. நட்ட முதல் வாரம் தண்ணீர் வேண்டாம்.

பால் கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரால் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், இமையைத் திறந்து பிடித்தபடி. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடக் கூடாது. முதலில் எரிச்சல் குறைவாக இருந்து, சில மணி நேரம் கழித்து வலி கூடிப் பார்வை மங்குவது இதன் இயல்பு. ஆகவே ‘சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டு எடுத்துப் போனால் அவருக்கு உதவும். தோலில் பட்டால் சோப்பு வேண்டும், வெறும் தண்ணீரில் கள்ளிப்பால் முழுதாகப் போகாது.

சப்பாத்திக்கள்ளியின் ஆபத்து வேறு வகை. பெரிய முள் தெரியும், விலகிக்கொள்ளலாம். திட்டில் இருக்கும் சுணைதான் தொல்லை, மயிரை விட மெல்லியது, நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. பழத்தை இடுக்கியால் பறித்து, தீயில் சுணையைப் பொசுக்கி, இரு முனையையும் நறுக்கி, நீளவாக்கில் கீறித் தோலை உரித்தால்தான் வாயில் வைக்கலாம். சுணை கையில் ஏறிவிட்டால் தேய்க்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. கண்ணுக்குத் தெரிவதைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையைப் பூசி மேலே மெல்லிய துணியை ஒட்டி, நன்றாக உலர்ந்ததும் உரித்தால் மீதி பெரும்பாலும் வந்துவிடும்.

திருஷ்டிக்காகத் தொட்டியில் கள்ளி வளர்க்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம், அந்தத் தொட்டி குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்து எத்தனை பேர் கிளை ஒடிக்கக் கிளம்பியிருப்பார்களோ என்பதுதான் என் கவலை. வரும் ஞாயிறே அந்தப் படத்தை மறுபடி போட்டு, ‘யுபோர்பியா ட்ரைகோனா, கேக்டஸ் அல்ல, பால் உள்ள செடி’ என்று திருத்தம் வெளியிடுங்கள். கண்ணில் பட்டால் செய்ய வேண்டியதை அதே படத்தின் கீழேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி