வெங்காயக்காரி கையில் ஃப்ளூ கமிட்டி

பெங்களூரு,
ஞாயிறு ராத்திரி பதினொன்றரை

அன்புள்ள வசந்தி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டியிருப்பாய். சித்ரா வீட்டுப் பால்காய்ச்சுக்கும் வரவில்லை, அதையும் சேர்த்துத் திட்டிவிடு. அம்மாவின் முட்டுவலி அப்படியே இருக்கிறது. இவரை மறுபடி ஒயிட்ஃபீல்டுக்கே மாற்றிவிட்டார்கள். பாதி ஆயுள் மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் கழிகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் வேறு. காலேஜில் ஃப்ளூ கமிட்டி போட்டு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதே. பாளையங்கோட்டையில் என்.சி.சி. பரேடுக்கு டிமிக்கி கொடுத்தவள் இப்போது ஹாஸ்டலில் இருக்கும் 310 பெண்களின் ஜுரத்துக்குப் பொறுப்பு. ஜுரம் என்று நடிக்க அக்குளில் வைத்த அந்த வெங்காயம் யார் கையில் இருந்தது என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதே.

முதல் கூட்டமே ஒன்றரை மணி நேரம். கேட்டில் பேனர், சானிடைசர் ஸ்டாண்டு, வாட்ச்மேன் கையில் நெற்றிக்கு நேரே நீட்டுகிற டெம்பரேச்சர் துப்பாக்கி. ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே இது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும், துப்பாக்கி யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். "பேரண்ட்ஸுக்கு ஒரு நம்பிக்கை வரும் மேடம்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். நான் கேட்டது ஜுரம் வந்தவர்களைத் தனியாக வைக்கக் கீழ்த்தளத்தில் எட்டு அறை, தனி பாத்ரூமோடு. மூன்று கிடைத்திருக்கிறது.

போன வருஷம் நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. தர்மபுரிப் பெண் ஒருத்தி, செகண்ட் இயர், இன்டர்னல்ஸ் வாரம். அட்டெண்டன்ஸ் 74-இல் நிற்கிறது, 75 வேண்டும். ஆறு மணி நேரத்துக்கொரு டோலோ போட்டுக்கொண்டு மூன்று நாள் கிளாஸில் உட்கார்ந்திருக்கிறாள். நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் ரூம்மேட் என் கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் ஒரு வாக்கியத்தை முடிக்க அந்தப் பிள்ளைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குகிறது. ஆட்டோவில் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். சூடு என் புடவையைத் தாண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மேடம், அட்டெண்டன்ஸ் போட்டுடுவீங்கல்ல?"

பிழைத்துவிட்டாள். அதற்குள் அவள் தளத்தில் 19 பேர் படுத்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் நான் கட்டிப்புரள்வதெல்லாம் ஜுரத்தில் படுத்த நாளுக்கு அட்டெண்டன்ஸ் குறையக் கூடாது என்பதற்காக. ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரையை நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். பயந்து மறைக்கிற பெண்ணுக்கு அந்த 48 மணி நேரம் போர்வைக்குள்ளேயே போய்விடும். எல்லாருக்கும் அந்த மாத்திரை தேவையும் இல்லை. 2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்ததை ஒரு சார்ட்டில் எழுதி ஒவ்வொரு தளத்திலும் ஒட்டியிருக்கிறேன்: லேசான ஜுரம், இருமல் என்றால் அறையிலேயே ஓய்வு, ஆஸ்துமா, சர்க்கரை இருந்தால் உடனே டாக்டர், மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் ஜுரம் இல்லாமல் இருந்த பிறகுதான் கிளாஸ்.

பிரின்சிபாலுக்கு ஒரே ஆட்சேபம். "பொய் ஜுரம் சொல்லி லீவு போடுவாங்க மேடம்." நான் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னேன், இருபது பேர் பொய் சொல்லித் தூங்கட்டும் சார், ஒருத்தி நிஜத்தை மறைக்காமல் இருந்தால் போதும். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாம் உனக்கும் தெரியும்.

"கேஸ் வந்தால் ஹாஸ்டலை மூடிவிடலாமே" என்றார் இன்னொருத்தர். 2009 ஆகஸ்டில் புனேயில் பன்றிக் காய்ச்சலில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் இறந்தபோது நான் இங்கே வேலைக்குப் புதுசு. பெற்றோர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து பெட்டியும் பிள்ளையுமாக அள்ளிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருமுகிற பெண்ணை ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏற்றி, சர்க்கரை உள்ள பாட்டி பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதற்குப் பெயர் மூடுவதா?

ஒரு வேலையை மட்டும் யாரையும் கேட்காமல் செய்தேன். வாட்டர் கூலரில் சங்கிலி போட்டுக் கட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கும், நம் ஹாஸ்டலில் இருந்ததன் அக்காள் தங்கை மாதிரி. விளிம்பெல்லாம் பல் பட்டு நசுங்கியது. 310 பேரும் அதிலேதான் குடிக்கிறார்கள். பிளம்பரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். மெஸ் மேனேஜர் டம்ளர் திருட்டுப் போனதாகப் புகார் எழுதிவிட்டார்! அவரோடு இன்னொரு சண்டையும் பாக்கி. பரிமாறுகிற 14 பேரும் தினக்கூலி. ஜுரம் என்று படுத்தால் கூலி கிடையாது, அதனால் ஜுரத்தோடு வந்து சாம்பார் ஊற்றுகிறார்கள். தடுப்பூசி போட்டுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், புது அட்மிஷன் வருவதற்குள் முதலில் அவர்களுக்குப் போட்டுவிட வேண்டும், படுக்கிற நாளுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பேனருக்கு இருந்த பணம் இதற்கு இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம். உங்கள் காலேஜில் மெடிக்கல் லீவுக்கு நீ ஒரு சர்க்குலர் எழுதினாயே, சர்ட்டிஃபிகேட் இல்லாமலேயே மூன்று நாள் என்று. அதைத் திங்கள் ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு. உன் பிரின்சிபால் எப்படி ஒத்துக்கொண்டார் என்பதையும் நாலு வரி எழுது. வெங்காயக் கதையைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாய் என்றால் நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன்.

உன்
மாலதி