அச்சகக் கணக்கும் உன் பங்கும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று வருடக் கணக்கும் வந்து சேர்ந்தது. நேற்று ராத்திரி மேசையில் விரித்துப் போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் வருடக் கணக்கின் ஓரத்தில் உன் கையெழுத்து. ‘மை பாக்கி, வெள்ளிக்கிழமை’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க ஓடவில்லை. பதினொரு வருடம் நீ அந்த அச்சகத்தில் பட்ட பாட்டுக்கு அந்தத் தாள்களில் இருக்கும் அடையாளம் அது ஒன்றுதான். சம்பளப் பட்டியலில் உன் பெயரே இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் பிரிவதென்று எடுத்த முடிவைப் பற்றி நான் இனி பேச மாட்டேன். ஆனால் போனில் ‘எல்லாத்தையும் அவரே வச்சுக்கட்டும்பா, எனக்கு நிம்மதி போதும்’ என்றாயே, அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடம் பிறர் கணக்கை எழுதியவன் நான். அசதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் என் எதிரில் வந்து உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உனக்கு அந்த நிலை வரக்கூடாது அம்மா.

மாப்பிள்ளை சொல்வது இதுதானே: பேலன்ஸ் ஷீட்டில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டுகிற தாளில், கடன் போக 40 இருக்கிறது, பாதி 20 வாங்கிக்கொள். (எண்களைச் சுருக்கித்தான் எழுதுகிறேன், நீ கணக்குப் பிடித்துக்கொள்வாய்.) அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 40 என்பது புத்தகத்தில் உள்ள மதிப்பு. பெரிய அச்சு இயந்திரம் வருடா வருடம் தேய்மானம் கழித்துக் கழித்து அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. அது இன்றைக்கும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இன்னொரு பக்கம், வராத பாக்கிகளெல்லாம் முழுத் தொகையாக நிற்கின்றன. இரண்டையும் இன்றைய நிலைக்குக் கொண்டுவராமல் அந்த 40-ஐ நம்ப முடியாது.

அதைவிட முக்கியம், ஓடுகிற தொழிலை அதிலுள்ள சாமானை மட்டும் வைத்து யாரும் மதிப்பிட மாட்டார்கள். வாங்க வருகிறவன் கேட்பது, இது வருடத்துக்கு எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்பதைத்தான். அதனால் லாபத்தைத் திருத்தி எழுத வேண்டும். உன் கணக்கில் லாபம் 30. வீட்டுக் கார், வீட்டுப் போன், குடும்பமாகப் போன பயணம் எல்லாம் அச்சகச் செலவில் ஏறியிருக்கிறது. அது 6, அதைத் திரும்பக் கூட்டினால் 36.

இனி நான் எழுதுவது உனக்குப் பிடிக்காது. நீ சம்பளம் வாங்காததால் லாபம் கூடுதலாகத் தெரிகிறது. உன் இடத்தில் ஓர் ஆளை வைத்தால் 10 கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் வெளியில் கிடைப்பதைவிட 4 குறைவாகத்தான் எடுக்கிறார். இரண்டையும் கழித்தால் 22 மிஞ்சும். நியாயமான மதிப்பீட்டாளர் இதைக் கட்டாயம் செய்வார். உன் வக்கீலே செய்யச் சொன்னாலும் அதிர்ந்து போகாதே. உன் உழைப்பு அச்சகத்தின் மதிப்பைக் குறைக்கிற வரியாக அங்கே நிற்கும். ஆனால் அதே வரிதான், இத்தனை வருடமும் நீ சம்பளமில்லாமல் வேலை செய்தாய் என்பதற்குச் சாட்சி. பங்கு எத்தனை சதவீதம் என்ற பேச்சு வரும்போது அது உனக்குத் துணைக்கு வரும்.

அச்சகத்தின் மதிப்பு என்று வைக்க அந்த வருட லாபம் 22-ஐ எத்தனை மடங்காக எடுப்பது என்பதில்தான் பாதிச் சண்டையும் நடக்கும். மூன்று மடங்கு என்றால் 66, ஐந்து என்றால் 110. பெரிய வாடிக்கையாளர் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் மடங்கு குறையும். பல வருட ஒப்பந்தங்கள் கையில் இருந்தால் கூடும். இதே மாதிரி அச்சகங்கள் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறின என்றும் பார்ப்பார்கள். இதில் குட்வில் என்று ஒன்று வரும், அதாவது நற்பெயருக்கான மதிப்பு. அச்சகத்தின் பெயருக்காக வருகிற வேலை வேறு, மாப்பிள்ளையின் முகத்துக்காக வருகிற வேலை வேறு. இரண்டாவது அவரோடு போய்விடும் என்பதால் சில இடத்துச் சட்டம் அதைப் பங்கில் சேர்க்காது, சில இடத்தில் சேர்க்கும். எந்தத் தேதியின் மதிப்பை எடுப்பது, பிரிந்த நாளா, வழக்குப் போட்ட நாளா, தீர்ப்பை ஒட்டிய நாளா என்பதும் அப்படித்தான். இந்த இரண்டையும் வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடு.

அச்சகத்தின் வருமானத்தை வைத்து மதிப்புப் போட்டு உனக்குப் பங்கு கொடுத்துவிட்டு, அதே வருமானத்தைக் காட்டி ஜீவனாம்சமும் கேட்டால், ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுவதாக அவர் தரப்பு சொல்லும். சில நேரம் அதில் நியாயமும் உண்டு. எது உனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வை.

ஆளுக்கொரு மதிப்பீட்டாளர் வைத்துச் சண்டை போடுவதைவிட, இரண்டு பேரும் சம்மதித்து ஒருவரை வைத்தால் செலவு பாதியாகும். மாப்பிள்ளை கணக்கை மறைக்கிற ஆள் இல்லை என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன். அதனால் முதலில் அதைக் கேட்டுப் பார். பாதிப் பங்கை வெளியாள் வாங்க மாட்டான், அதனால் விலையைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே தலையாட்டாதே. வாங்கப்போவது அவரேதானே, வெளியாள் இல்லையே.

பிரிக்கிற விதத்தில் என் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் பங்குதாரராகவே தொடரலாம் என்ற யோசனை வேண்டாம். ஒவ்வொரு பில்லுக்கும் பழைய சண்டை கிளம்பும். விற்றுவிட்டால் அங்கே வேலை செய்கிற ஒன்பது பேரின் பிழைப்பு என்னாகுமோ தெரியாது. அவர் எடுத்துக்கொண்டு உன் பங்கைப் பணமாகத் தரட்டும், அல்லது வீட்டில் அவருக்குள்ள பங்கை அதற்கு ஈடாக எழுதித் தரட்டும். ஒரே தடவையில் தர அவரிடம் பணம் இருக்காது. கழுத்தைப் பிடித்தால் அச்சகம் படுத்துவிடும், உனக்கும் வராது. தவணைக்கு ஒத்துக்கொள். ஆனால் வட்டி, தவணைத் தேதி, தவறினால் என்ன, எந்தச் சொத்து பிணை, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கைமாறும்போது வரி எவ்வளவு, யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்வது வங்கிக் கடன்தான். இயந்திரக் கடனுக்கு நீயும் ஜாமீன் கையெழுத்துப் போட்டாய் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். விவாகரத்து உத்தரவில் ‘கடன் அவருடையது’ என்று எழுதிவிட்டால் வங்கி உன்னை விட்டுவிடாது. நீ கையெழுத்துப் போட்டது வங்கியிடம். அவர்களே உன்னை விடுவித்து எழுத்தில் கொடுக்கும்வரை, எதிலும் கடைசிக் கையெழுத்துப் போடாதே.

வங்கி ஸ்டேட்மென்ட், வரிக் கணக்கு, கடன் பத்திரம், பங்குதாரர் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். உன் கைக்கு வரக்கூடியதை இப்போதே எடுத்து வை. அவருடைய மெயிலையோ பாஸ்வேர்டையோ மட்டும் தொடாதே. மிச்சத்தை வக்கீல் மூலம் கேட்டு வாங்கலாம்.

பென்சில் குறிப்போடு மூன்று கணக்கையும் திருப்பி அனுப்புகிறேன். உன் கையெழுத்துள்ள அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். வங்கியில் எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாய் என்று நிதானமாக யோசித்து எழுது. மதிப்பீட்டாளரைப் பார்க்கிற நாளைச் சொல், நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு, போன் தலைமாட்டிலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா