மும்பை தர்ம ஆஸ்பத்திரிகளின் அறங்காவலர்களுக்கு: முதலில் ஆளைப் பாருங்கள், கார்டை அப்புறம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு வணக்கம்.

தாராவி 90 அடி சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதைவிட மனு எழுதிக் கொடுப்பதுதான் அதிகம். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றம், தாசில்தாரின் வருமானச் சான்று என்று தினமும் பத்துப் பேராவது வருவார்கள். யாரிடம் எந்தக் காகிதம் இல்லை, ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும், சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சி, காலை ஏழு மணிக்கு வியாபாரத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே உங்களில் ஒருவரின் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர் மனைவியும் நானும் அவரை அங்கே கொண்டுபோனோம். அக்கா ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவுன்டரில் வைத்தார்: ஆதார், ஊர் ரேஷன் கார்டு, தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஈரம் படக்கூடாதென்று, கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் போட்டு வைத்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் கவரைப் பிரிக்கவே இல்லை. ஒற்றை விரலால் திருப்பித் தள்ளிவிட்டு, "மகாராஷ்டிரா ரேஷன் கார்டு இருக்கா? இல்லேன்னா 40,000 டெபாசிட் கட்டுங்க" என்றார். அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். வேட்டியில் கொட்டிய சாம்பார்கூட இன்னும் காயவில்லை.

இருபது நிமிடம் கெஞ்சினோம். ஆம்புலன்சும் தரவில்லை. டாக்ஸி பிடித்து மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் ஈசிஜி எடுத்தார்கள். பெயரையே அதற்கப்புறம்தான் கேட்டார்கள்.

ஐயா, அம்மா, உங்கள் ஆஸ்பத்திரிகள் வெறும் தனியார் ஆஸ்பத்திரிகள் அல்ல. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ் மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் வகுத்த திட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. படுக்கைகளில் 10 சதவீதம் பரம ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணம். இதற்கென்றே உங்கள் பில் தொகையில் 2 சதவீதம் தனி நிதியாகச் சேருகிறது. அவசர நோயாளி வந்தால் உடனே அனுமதித்து, நிலைமை சீராகும்வரை உயிர்காக்கும் சிகிச்சை தரவேண்டும், டெபாசிட் கேட்கக் கூடாது என்று அதே திட்டத்தில் இருக்கிறது. கார்டைக் காட்டினால்தான் என்று அந்த இடத்தில் இல்லை.

1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. ஸ்கூட்டரில் போனவர் அடிபட்டு, முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரி ஏற்காமல் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே உயிர் போனது. அதிலிருந்து பிறந்த வழக்கு அது. நாங்கள் டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த ஸ்கூட்டர்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

கார்டு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கார்டு ஊரில், அம்மாவின் பெயரோடு சேர்ந்து இருக்கிறது. இங்கே புதிதாக வாங்க அங்கே பெயரை நீக்க வேண்டும். நீக்கினாலும், கோலிக்கு (குடியிருக்கும் ஒற்றை அறைக்கு) வாடகை வாங்குகிற உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டேன் என்கிறார், நாளைக்கு இடத்துக்கே உரிமை கேட்பார்களோ என்ற பயம். ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை, முகவரிச் சான்று இல்லாமல் கார்டு இல்லை. மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீடான மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு என்றாலும், அதற்கும் இந்த மாநிலத்து ரேஷன் கார்டோ இருப்பிடச் சான்றோ வேண்டும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் என் கடைக்கு வராத வாரமே கிடையாது. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல.

காலமெல்லாம் இலவசமாகப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வருமானத்தைச் சரிபார்ப்பது உங்கள் உரிமை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையை நோயாளி கண் திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் சான்று வாங்க நாள் ஆகும். அதுவரை அவகாசம் கொடுங்கள். சமூகப்பணியாளர் ஒருவரை ராத்திரியிலும் காலையிலும் அவசரப் பிரிவிலேயே உட்கார வையுங்கள். எங்களுக்கு நேர்ந்த நேரத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. இன்று எத்தனை இலவசப் படுக்கை காலி என்பதை வாசலில், வெள்ளைப் பலகையில், கையால் எழுதியாவது வையுங்கள். தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நான் வந்து எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அண்ணாச்சி பிழைத்துவிட்டார். இப்போது பாதித் தூரம்தான் சைக்கிள் மிதிக்கிறார், மீதியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தினமும் போகிறார். பலகை எந்தத் தேதியில் வைக்கப்படும் என்று தெரிவித்தால் அவரிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தாராவி 90 அடி சாலை ஜெராக்ஸ் கடைக்காரன்