டிரைவ் வாங்கப் போகிற மாப்ளைக்கு

மாப்ளே,

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். அதுவும் எலக்ட்ரிக்கல்! நாம் பட்டது போதாதென்று அவளுமா?

சரி, டிரைவ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் சிமென்ட் ஆலையிலும் ஐடி ஃபேனுக்கு, அதாவது கில்னிலிருந்து (சூளையிலிருந்து) சூடான வாயுவை இழுக்கும் விசிறிக்கு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய டிரைவ் போடப் போகிறார்களாமே. எங்களுடையது 6.6 கேவி, ஃபேஸுக்கு 6 வீதம் மொத்தம் 18 பவர் செல் (தொடராகச் சேர்ந்து அந்த வோல்டேஜைத் தரும் சிறு பெட்டிகள்). ஐடி ஃபேன் நின்றால் கில்ன் என்ன பாடுபடும் என்று உனக்கே தெரியும். அதன் இரும்பு உருளை (ஷெல்) வளையாமல் இருக்க மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறிச் சூடானால் உள்ளே செங்கல் உதிரும். அதனால், விற்க வருகிறவர் ‘பழுதே வராது சார்’ என்றால் காதில் போட்டுக்கொள்ளாதே. வந்தால் எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓடும் என்று கேள்.

பழுதான செல்லை ஒதுக்கிவிட்டு மற்றவற்றால் ஓட்டும் செல் பைபாஸ் கட்டாயம் வேண்டும். போன மாதம் நைட் ஷிஃப்டில் ஒரு செல் போனது. பைபாஸ் கான்டாக்டர் அதை ஒதுக்கிவிட்டது. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் ஃபேன் நிற்கவில்லை. அடுத்த ஷட்டவுனில்தான் டிராலியில் இழுத்து மாற்றினோம்.

கழற்றிப் பார்த்தால், மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் ஐஜிபிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்னைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள்தான் தலை உப்பிக் கிடந்தன. அந்தப் பக்கத்தைக் குளிர்விக்கும் புளோயரின் பேரிங் இறுகியிருந்தது, ஃபில்டரில் தூசி அப்பியிருந்தது. உள்ளே திரவம் உள்ள இந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். முடிந்தால் பிளாஸ்டிக் படலத்தாலான ஃபிலிம் கெபாசிட்டர் உள்ளதாகக் கேள். புளோயரை டிரைவை நிறுத்தாமல் மாற்ற முடியுமா என்றும் பார்.

ஸ்பேர் செல் விஷயத்தில் உஷார். ஸ்டோரில் வருஷக்கணக்கில் கிடந்ததை எடுத்து அப்படியே மாட்டிவிடாதே. கெபாசிட்டருக்குள் ஆக்ஸைடு படலம் மெலிந்திருக்கும். எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் லீக்கேஜ் கரண்ட் ஏறி வெடித்தாலும் வெடிக்கும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கடைசியாக எப்போது அப்படி ஏற்றினோம் என்று ஒவ்வொரு ஸ்பேரிலும் அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

எங்கள் மேலாளர் இன்னொரு டிரைவ் ஸ்டாண்ட்பையாக வாங்கலாம் என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. அதே தூசியில், அதே அறையில் இரண்டு நின்று என்ன பயன்? முதலில் பேனல் ரூமை ஒழுங்காக அடைத்து ஏசி போடட்டும்.

அப்புறம், பாராமீட்டர் பேக்கப்பும் (டிரைவ் செட்டிங்குகளின் நகல்) பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வராமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க விடாதே. ஆர்டர் போடுவதற்கு முன் ஸ்பெக்கை எனக்கும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்