செக்ரோலும் சுற்றறிக்கையும்: சுங்கை சிப்புட் தோட்ட ஆபீஸில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

எந்த பிளாக்கில் இன்று எத்தனை பேர் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுக்குப் போனார்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பாக்கி என்று கேட்டால் ஏட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறாய். தலைமை ஆபீஸ் ஈமெயில் இரண்டு பக்கம் வந்தால் மட்டும், இரண்டாம் பக்கம் முடிவதற்குள் முதல் பக்கம் மறந்துபோகிறது. நாலு வரிக் கடிதம் எழுத அரை நாள் ஆகிறது. ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத குறைபாடு) என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மேசையில் குவிந்து கிடக்கிற காகிதத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

படிக்கும்போது நாலு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. எழுத்தைச் சொல்லாக்க வேண்டும், சொல்லிலிருந்து பொருள் எடுக்க வேண்டும், முன்னால் படித்ததை மனத்தில் பிடித்துவைக்க வேண்டும், இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கவும் வேண்டும். பிடித்துவைக்கும் அந்த இடத்தைச் செயல்நினைவு என்பார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு அது சீக்கிரம் நிரம்பிவிடும். கவுண்டரில் யாரோ பேசுவதும் வாட்ஸ்அப் சத்தமும் அதற்குள்ளேயே வந்து இடம் பிடித்துக்கொள்ளும். நீயோ தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் படித்து, மலாயில் பதில் எழுதுகிறாய். மூன்றாவது மொழியில் எழுத்துக் கூட்டவே பாதி பலம் போய்விடும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே வழியின் பல கைகள்தான்: நாலு வேலையையும் ஒன்றாகச் செய்யாதே, பிடித்துவைக்க வேண்டியதை மனத்தில் வைக்காமல் தாளில் வை.

முதலில் கடிதங்கள். அரசாங்க இலாகாக்களின் மலாய்க் கடிதம் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வரும். மேலே 'ருஜுக்கான்' (கோப்புக் குறிப்பு) எண்ணும் தேதியும், அதன் கீழே தடித்த எழுத்தில் தலைப்பு, பிறகு 2, 3, 4 என்று எண் போட்ட பத்திகள், கடைசியில் 'செக்கியான், தெரிமா காசே' (இத்துடன் முடிகிறது, நன்றி). தொடக்கப் பத்தி தலைப்பைத் திரும்பச் சொல்லும். அடுத்தது சட்டத்தையோ பழைய கடிதத்தையோ நினைவூட்டும். உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பது பெரும்பாலும் 'செக்கியான்' என்ற சொல்லுக்கு மேலே உள்ள ஒன்றிரண்டு பத்திகளில் இருக்கும். ஆகவே தலைப்பைப் படித்துவிட்டு நேராகக் கடைசிக்குப் போ. பென்சிலால் ஐந்து சொற்களை மட்டும் தேடி வட்டமிடு: சிலா, ஹெண்டாக்லா, செபெலும், செலேவாட்-லேவாட்ஞா, லம்பிரான். முதல் இரண்டும் இருக்கும் இடத்தில் உனக்கு வேலை இருக்கிறது. அடுத்த இரண்டும் தேதியைக் காட்டும். கடைசிச் சொல், கூட ஒரு தாள் இணைந்திருக்கிறது என்று சொல்லும். வட்டமிட்ட பிறகு மேலிருந்து கீழே ஒருமுறை படி. என்ன வேலை என்று முன்பே தெரிந்திருப்பதால் இப்போது படிப்பது மனத்தில் ஒட்டும். தலைமை ஆபீஸ் ஈமெயிலுக்கு இப்படி ஒரே அமைப்பு கிடையாது. அதில் தேதியையும் எண்களையும் முதலில் தேடு.

கண்டதை உடனே 555 புத்தகத்தில் (சட்டைப்பை நோட்டில்) ஒரே வரியில் எழுது: யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள். புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மண்டோர் (கங்காணி) வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தியும், மேனேஜர் ஜீப்பில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போவதும் அதே புத்தகத்துக்குத்தான் வர வேண்டும். மேசை நாட்காட்டியில் கொஞ்சம், கைப்பேசியில் கொஞ்சம், உள்ளங்கையில் கொஞ்சம் என்று சிதறினால், எங்கே எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

நீளமான கோப்புகளைக் காதால் படி. எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தகு பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமான பிறகு தோட்ட ஆபீஸ்களில் வழிமுறைக் கோப்பும் பதிவேடும் மிகவும் கூடிவிட்டன. அத்தனையையும் கண்ணால் படித்து முடிக்க நினைக்காதே. பிடிஎஃப் கோப்பை எட்ஜ் பிரவுசரில் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வாய்விட்டு வாசிக்கும். மலாய்க் கோப்புக்கு மலாய்க் குரலைத் தேர்ந்தெடு. ஆங்கிலக் குரலில் மலாயைக் கேட்டால் ஒன்றும் புரியாது, வசதியையே வெறுத்துவிடுவாய். மலேசியத் தமிழ்க் குரலும் அதில் இருக்கிறது. இயல்பாக ஒலிக்கும் குரல்களுக்கு இணையம் வேண்டும். தோட்டத்தில் லைன் போய்ப் போய் வருமென்றால், வீட்டில் கைப்பேசி இணைப்பில் வைத்துக் கேட்கலாம். ஸ்கேன் செய்த படமாக வந்த கோப்பைச் சில நேரம் அது வாசிக்காது. அப்போது கைப்பேசியில் கூகுள் லென்ஸால் படம் பிடித்து எழுத்தை எடுத்துக்கொள். கேட்கும்போது கண்ணும் அதே வரியில் போக வேண்டும். சிட்டு (வேலை விவரத் துண்டுச்சீட்டு) அடுக்கிக்கொண்டே கேட்டால் காதில் விழும், தலையில் ஏறாது. பலருக்குச் சாதாரண வேகத்தைவிடச் சற்றே கூட்டி வைத்தால் மனம் அலையாமல் நிற்கிறது. மெதுவாக்கினால் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பிவிடாமல் இரண்டையும் போட்டுப் பார்.

இனி செக்ரோல், அதாவது ஆட்களின் வருகையும் வேலையும் பதியும் சம்பளப் பதிவேடு. உன் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கும். அதற்குக் காரணமும் தெளிவு. ஒரு பக்கம் பெயர்கள், மறுபக்கம் 31 கட்டம். கண் ஒரு வரி கீழே இறங்கினால் ஒருவருடைய வேலை அடுத்தவர் பெயரில் ஏறிவிடும். தடித்த அட்டை ஒன்றை எடு, பழைய கோப்பின் மேலட்டை போதும். செக்ரோலின் ஒரு வரி உயரத்துக்கு, பெயரிலிருந்து 31-ஆம் தேதிவரை நீளமாக ஒரு சன்னல் வெட்டு. மேலும் கீழும் இரண்டிரண்டு வரி மறையுமளவுக்கு அட்டை அகலமாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்தால் கீழ் வரிகள் மறையும், மேல் வரி தெரிந்துகொண்டே இருக்கும், கண் அங்கே தாவிவிடும். அதனால்தான் சன்னல். கணினியில் என்றால் பெயர் நெடுவரிசையையும் தேதி வரிசையையும் ஃபிரீஸ் செய்து, ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு மெல்லிய நிறம் கொடு.

எண்ணை மாற்றி எழுதுவதைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 236 குலை என்று வந்ததை 263 என்று பதிந்துவிட்டால் வித்தியாசம் 27. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஆகவே மொத்தம் ஒத்துவராதபோது முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதமில்லாமல் போனால் இடம் மாறிய எண்ணைத் தேடு. மீதம் வந்தால் விட்டுப்போன சிட்டையோ இரண்டுமுறை ஏறிய சிட்டையோ தேடு. எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பதிந்தவுடன் இந்த இரண்டையும் பார்த்தாலே பாதித் தவறு அங்கேயே சிக்கிவிடும்.

சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது வேலைச் சட்டம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) சந்தாவுக்குப் பதினைந்தாம் தேதி. உன் மூளை ஆறாம் தேதி இரவுதான் முழுதாக விழிக்கும், அதுவும் ஏடிஎச்டியின் இயல்புதான். நெருக்கடி வந்தால் வேகம் வரும், சரிபார்க்கும் பொறுமை போய்விடும். நீயே உனக்கு வைத்துக்கொள்ளும் கெடுவை மூளை மதிக்காது, இன்னொருவர் காத்திருந்தால் மதிக்கும். இரண்டாம் தேதி மாலை பாதிச் செக்ரோலைக் கையில் தருகிறேன் என்று துணை மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லிவை.

எழுதுவது படிப்பதைவிடக் கடினம். என்ன சொல்வது, எந்த வரிசையில், எந்தச் சொல்லில், எந்த எழுத்துக்கூட்டலில் என்பதெல்லாம் வெற்றுத்தாளின் முன்னால் ஒன்றாக வந்து நிற்கும். விபத்து அறிக்கையை எடுத்துக்கொள். வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், தள்ளிப்போட வழியில்லை. முதலில் கைப்பேசியின் குரல்பதிவைத் திறந்து, நடந்ததைத் தமிழில், வீட்டில் சொல்வதுபோல் இரண்டு நிமிடம் சொல். "காலையில ஒன்பதே கால் இருக்கும், பன்னிரண்டாம் பிளாக்குல, ஓலை வெட்டும்போது மட்டை வலது தோள்ல விழுந்திருச்சு, மண்டோர் பார்த்தாரு, கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க." அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே ஆறு விஷயங்களை மட்டும் தாளில் இறக்கு: யார், எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே அடி, யார் பார்த்தது. மூன்றாவதாகத்தான் மலாய். ஒரு விஷயத்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். எழுத்துப் பிழைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் சிவப்புக் கோட்டைப் பார்த்துத் திருத்தப் போனால், அடுத்து சொல்ல வந்தது போய்விடும். பிழை காட்டும் வசதியை எழுதி முடிக்கும்வரை அணைத்துவை.

அடிக்கடி எழுதும் கடிதங்களுக்கு மாதிரி செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்: வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்பது, ஸ்டோருக்குச் சாமான் கேட்பது, லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வீட்டுப் பழுது போன்றவை. மாதிரியில் ஒரு கண்ணி உண்டு. பழைய ஆளின் பெயரோ தேதியோ அப்படியே புதுக் கடிதத்தில் தங்கிவிடும். பழைய கடிதத்தை மாதிரியாக எடுக்கவே எடுக்காதே. மாதிரியில் பெயர், தேதி, தொகை வரும் இடமெல்லாம் ### போட்டு வை. அச்சடிக்கும் முன் கண்ட்ரோல் எஃப் அழுத்தி ### என்று தேடு. ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் அச்சுக்குப் போகலாம்.

சரிபார்ப்பதை மூன்று சுற்றாகப் பிரி. முதல் சுற்றில் எண்ணும் தேதியும் மட்டும், அடுத்ததில் பெயர்கள் மட்டும், மூன்றாவதில் மொழி. மூன்றாவதைக் கணினியை வாசிக்கச் சொல்லிக் கேள். நீ எழுதியதை நீயே கண்ணால் படித்தால், தாளில் உள்ளதைப் பார்க்காமல் மனத்தில் உள்ளதைத்தான் படிப்பாய்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு, மத்தியானச் சிட்டு வரத் தொடங்கும்வரை ஆபீஸ் சற்று அமைதியாக இருக்கும். கடினமான கடிதத்தையும் அறிக்கையையும் அந்த வேளையில் வை. பிற்பகலுக்குப் பதிவு வேலை போதும். நடுவில் யாராவது கூப்பிட்டால், எழும் முன் அடுத்து செய்ய வேண்டியதை ஒரு சொல்லில் தாள்மேல் எழுதிவிட்டு எழு: "வரி 14 முதல்", "தொகை கேட்க". இதைச் செய்யாததால்தான் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்கிறது.

மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். என் அபிப்பிராயம், முதலில் பெயரைச் சொல்லாமல் தேவையைச் சொல். "வாய்வழியாகச் சொன்னதை ஒருவரி மெசேஜாகவும் அனுப்பினால் தவறு வராது. ஒன்பது மணிவரை கவுண்டரை இன்னொருவர் பார்த்துக்கொண்டால் சம்பளக் கணக்கு முன்கூட்டியே முடியும்." வேலைக்கு என்ன பலன் என்று சேர்த்துச் சொன்னால் மறுப்பது கடினம். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்க 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் வழி இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடு. ஏடிஎச்டி உள்ளவர்களில் கணிசமானோருக்கு டிஸ்லெக்சியாவும் (வாசிப்புக் குறைபாடு) சேர்ந்தே இருக்கிறது. ஒரு மலாய்ப் பக்கத்தைச் சத்தமாகப் படி. சொற்களே தடுமாறி, எழுத்து மாறி வந்தால் எழுத்துக் கூட்டுவதில் சிக்கல் இருக்கலாம். சரளமாகப் படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று சொல்ல வராவிட்டால் பெரும்பாலும் கவனத்தின் வேலை. இது வெறும் அடையாளம்தான், முடிவு டாக்டருடையது. முதல் வகை என்றால் அடுத்த சந்திப்பில் தனியாகச் சொல்லு, அதற்கான பயிற்சி வேறு. கண் பரிசோதனையும் செய்துகொள்.

மாத்திரை எழுதித் தந்திருந்தால், அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று கேட்டுக்கொள். மெத்தில்பெனிடேட்டின் குறுகிய வகை சுமார் மூன்று நான்கு மணி நேரம்தான். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து உடனே போட்டுக்கொண்டால், அறிக்கை எழுத உட்காரும்போது அதன் பலம் குறைந்திருக்கும். வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள், நீயாக மாற்றாதே. அடோமொக்செட்டின் என்றால் முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். பசி, தூக்கம், படபடப்பு இவற்றைத் தேதியோடு அதே 555-இல் குறித்துக் கொண்டுபோ.

"ஈப்போ ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு" என்றதும் லயத்தில் யாராவது தஞ்சோங் ரம்புத்தான் என்று பேச்செடுத்திருப்பார்கள். அந்த ஊர் மனநல ஆஸ்பத்திரி 1911-இலிருந்து நோயாளிகளைப் பார்த்துவருகிறது. அதன் பெயரை வசைச்சொல்லாக்கி, மருந்து தேடிப் போகிறவர்களைக் கூச வைத்தது நம் பழக்கம். அது எனக்குக் கோபம் தருகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து சந்திப்புத் தேதியைத் தவறவிடாதே. மெத்தில்பெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். மாத்திரை ஒரு வாரத்துக்கு மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டைப் பார்த்துக்கொள். சம்பள வாரத்தில் அந்தத் தேதி விழாதபடி கேட்டு வாங்கு.

அன்புடன்,
அக்கா