உன் வீட்டுப் பரணில் இருக்கும் டப்பா

அன்புள்ள சேகர்,

நீ திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், தீபாவளிக்கு நீ போட்ட மெயிலுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கீதா இந்த டிசம்பரோடு வேலையை விடுகிறாள், பெரியவன் டென்வரிலேயே வீடு பார்த்துவிட்டான், என் முட்டி பழையபடிதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதற்கு மட்டும் வாட்ஸப்பில் உடனே ஒரு வரி போடு. மற்றதற்கு நீயும் என்னைப் போல ஆற அமர எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் படத்தை 4கே டிஸ்கில் பார்த்தேன். எந்தப் படம் என்று மட்டும் கேட்டுவிடாதே, மில்வாக்கி அப்பார்ட்மெண்டில் உப்புமாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்த கிறிஸ்மஸ் வெகேஷன்தான், கிளார்க்காக வரும் செவி சேஸ் கிறிஸ்மஸ் மரம் வெட்டப் போய் ரம்பத்தை மறந்துவிட்டு வருவானே அதுதான். 1989 படம். நாம் அதைத் தியேட்டரில் பார்க்கவே இல்லை என்பது ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் வாடகைக் கேசட்தான். மூலைக்கடையில் டிசம்பர் வந்தால் அந்தக் கேசட்டுக்கு அடிதடி. நமக்குக் கிடைப்பது எப்போதும் ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த பிரதி, அதைப் போடுவது மூர்த்தி யாரோ குப்பைத்தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனதைத் தூக்கி வந்த அந்தச் சதுர டிவியில். படத்தில் எல்லாமே சிவப்பு, அந்தச் சிவப்பு முழுக்கக் கரைந்து பக்கத்துச் சுவரில் ஒழுகும். டிவி கோளாறு என்று கோந்து கணேசன் அதன் தலையில் தட்டிக்கொண்டே இருப்பான், பாவம். டிவி மேல் தப்பே இல்லையடா. விஎச்எஸ் கேசட்டில் வெளிச்சத்துக்குச் சுமார் 240 கோடு அளவுக்குத் துல்லியம் கிடைக்கும், நிறத்துக்கோ சுமார் 40தான். அதனால் நிறம் எதுவுமே அதன் எல்லைக்குள் நிற்காது, அதிலும் சிவப்புதான் ரொம்ப மோசம். கிறிஸ்மஸ் படமாகப் பார்த்து எடுத்து அந்தக் கேசட்டில் போட்டால் என்ன ஆகும்? சாண்டா தொப்பி எங்கே முடிகிறது, சோபா எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல்தான் அத்தனை தடவையும் பார்த்தோம்.

பிறகு டிவிடி வந்தது. 2006-லேயே, டிவிடியைவிடத் துல்லியமான ப்ளூரே டிஸ்க்கும் வந்தது. என்னிடம் இருந்தது அந்த ப்ளூரே, அதைப் பற்றி நான் புலம்பியதை எல்லாம் நீ வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாய். ப்ளூரே என்பதே பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்த நேரம், கையில் என்ன மாஸ்டர், அதாவது மூலப் பிரதி, இருந்ததோ அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள் போல. முகமெல்லாம் மாவு பூசியது போல மழமழ என்று இருக்கும், ராத்திரிக் காட்சிகளில் இருட்டுப் பக்கம் முழுக்க ஒரே கருப்புக் குழம்பு. சரி, ஆரம்ப கால டிஸ்க், மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது என்ன தெரியுமா? அதற்கப்புறம் வருஷா வருஷம் டிசம்பரில் தகர டப்பாவில் போட்டும், அட்டையை மாற்றியும், ஆண்டு நிறைவுப் பதிப்பு என்றும் விற்றார்களே தவிர, படத்தைத் திரும்ப ஸ்கேன் செய்து ஒழுங்காகக் கொடுக்க 2022 ஆகிவிட்டது. என் கட்சி இதுதான், காமெடிப் படம் என்றாலே இவர்களுக்கு இளக்காரம். போர்ப் படம், விண்வெளிப் படம் என்றால் நெகடிவ்வைத் தேடி எடுத்து, கேமராமேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து நிறம் பார்ப்பார்கள். சிரிப்புப் படத்துக்கு எதற்குத் துல்லியம், சிரித்தால் போதாதா என்று நினைப்பு. பண்டிகைப் படம் என்றால் இன்னும் மோசம், எப்படிக் கொடுத்தாலும் ஜனங்கள் வாங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நானே வாங்கினேனே.

ஆனால் சிரிப்புக்குத்தானடா துல்லியம் வேண்டும். அழைக்காமலே வந்து தங்கிவிடுகிற சொந்தக்காரன் கசின் எட்டியின் ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கிறதா, வெளிர் நிறத்தில்? அதற்குள்ளே அவன் கழுத்தை மூடும் டர்ட்டில்நெக் பனியனை முழுசாகப் போடவில்லை, கழுத்தும் நெஞ்சுக்கு ஒரு துண்டும் மட்டும் உள்ள ஒன்றை மாட்டியிருக்கிறான், அதன் விளிம்பு ஸ்வெட்டர் வழியாக அப்படியே கருப்பாகத் தெரிகிறது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த ஆளின் மொத்த ஜாதகமும் அந்தத் துணியில் இருக்கிறது. கேசட்டில் நான் அதைப் பார்த்ததே இல்லை, ஏதோ நிழல் என்று விட்டிருப்பேன். அப்புறம் அந்த மான் தலைக் கண்ணாடிக் கோப்பைகள், கிளார்க்கும் எட்டியும் எக்நாக் என்கிற முட்டைப் பால் பானம் குடிப்பார்களே, இந்த வரிசையின் முதல் படத்தில் வந்த வாலி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் மான்தான் அது. கொம்பு, மூக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எட்டியாக வரும் ராண்டி குவெய்டு ஏதோ பெரிய மது விருந்துக்கு வந்தவர் போல அதைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்து நான் சிரித்ததில் கீதா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

விளக்குக் காட்சியைச் சொல்லாமல் விட்டால் நீ கேட்பாய். கிளார்க் கணக்குப்படி 25,000 பல்பு. நம் கேசட்டில் வீடு பற்றிக்கொண்டது போல ஒரே வெள்ளைத் திட்டுதான் தெரியும், அதுவும் ஒருவகையில் சிரிப்புதான். இதில் பல்பு பல்பாகத் தெரிகிறது, பக்கத்து வீட்டு டாடும் மார்கோவும் கண் கூசித் தடுமாறும்போது நமக்கும் கொஞ்சம் கூசுகிறது. எச்டிஆர் என்று சொல்கிற, வெளிச்சத்தை இன்னும் பளிச்சென்று காட்டும் சமாச்சாரத்தைப் பல படங்களில் சும்மா கண்ணைக் குத்துவதற்கே வைத்திருக்கிறார்கள், இங்கே கண்ணைக் குத்துவதுதான் ஜோக்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கதை நடப்பது என்னவோ நான் இருக்கும் சிகாகோ புறநகரில், அந்த வீடு நின்றது கலிஃபோர்னியாவில், பர்பேங்கில் இருந்த ஸ்டூடியோ தெருவில். ஆகவே புல்தரையில் கிடக்கும் பனி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள். வருஷத்தில் நாலு மாதம் பனி அள்ளுகிறவன் கண்ணுக்கு அது 4கே-யில் தப்பவே தப்பாது. கொலராடோவில் எடுத்த சறுக்கு வண்டிக் காட்சியில் இருப்பது நிஜப் பனி, வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. (அந்த ஸ்டூடியோ தெருவையே இப்போது புதிய தளங்கள் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். டாட், மார்கோ வீடுதான் லீத்தல் வெப்பனில் டேனி க்ளோவர் குடியிருந்த வீடு, அதுவும் போயிற்று.) சத்தம் வெறும் ஸ்டீரியோ, ஆறு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களெல்லாம் குறைப்படுகிறார்கள். படம் வெளியானதே டால்பி ஸ்டீரியோவில்தானே, இல்லாத சத்தத்தை எங்கிருந்து கொண்டுவருவது? பெத்தனி பாட்டியின் குரல் சுத்தமாகக் கேட்கிறது, எனக்கு அது போதும். பெட்டி பூப் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்த மே குவெஸ்டல்தான் அந்தப் பாட்டி, கடைசிப் படம்.

நீ இதைப் பார்ப்பதாக இருந்தால் ஒரு கட்டளை. உன் வீட்டு டிவியில் அந்த மோஷன் ஸ்மூத்திங்கை முதலில் அணை. போன தடவை வந்தபோது பார்த்தேன், நாயகன் படத்தில் வேலு நாயக்கர் மெகா சீரியலில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார், நீ அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாக ஃபிரேம் செய்து சொருகுகிறது, அதனால்தான் அந்த வழவழப்பு. பிக்சர் மெனுவில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதைப் போடு. இல்லையென்றால் உன் பையனைக் கூப்பிடு, அவன் ஒருவனாவது உருப்படியாக வளர்ந்திருக்கிறான்.

இனி, பரண் காட்சி. கிளார்க் பரிசுகளை ஒளித்துவைக்க மேலே ஏறுவான், மாமியார் தெரியாமல் ஏணியைச் சாத்திவிடுவாள், குளிருக்குப் பெட்டியில் கிடந்த பொம்பளைத் துணிகளை எல்லாம் சுற்றிக்கொண்டு பழைய ஃபிலிம் சுருளைப் போட்டுப் பார்ப்பான். ரே சார்ல்ஸ் பாடுவார். நாம் அந்த இடத்தில்தான் காபி போட எழுந்து போவோம், ஜோக் இல்லை என்று. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அவன் பார்க்கும் சுருளில் துகள், கீறல், ஆட்டம் எல்லாம் வேண்டுமென்றே வைத்தது, பழைய ப்ளூரேயில் அதுவும் மற்றதும் ஒரே மாதிரி மங்கலாக இருந்ததால் வித்தியாசமே தெரியாது. இதில் அவன் முகம் கூர்மையாக இருக்கிறது, அவன் பார்க்கிற வீடு மட்டும் மங்கலாக இருக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன் டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். போன மாதம் மூர்த்தியின் பெண் போன் செய்தாள். நிறைய நேரம் வேலையைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கிற சமயத்தில் கேட்டாள்: "அங்கிள், அப்பா பேசற மாதிரி எதாவது வீடியோ இருக்கா?" போட்டோ நிறைய இருக்கிறதாம், குரல் இல்லையாம். அவன் போனபோது அவளுக்கு மூன்று வயது, அப்போது யார் கையில் வீடியோ எடுக்கிற போன் இருந்தது? பார்க்கிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் நீ அந்தக் கேம்கார்டரை வாங்கிக்கொண்டு ஊரை இம்சை செய்தாயே, அந்தக் குட்டிக் கேசட்டுகளில்தான் இருக்கும். ரெண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து நம்மோடேயே பட்டம் வாங்கிய நம் எட்டி மூர்த்தி, அடுப்படியில் நின்று கேமராவைப் பார்த்து உன் வம்சத்தையே திட்டுவது எனக்கு இன்னும் கேட்கிறது. அவளுக்கும் கேட்க வேண்டும்.

சினிமாக்காரர்கள் முப்பது வருஷம் மெத்தனமாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகவில்லை, நெகடிவ் குளிர்ந்த அறையில் பத்திரமாக இருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்து ஸ்கேன் செய்யலாம். கிளார்க் அப்பா எடுத்த சுருளுக்குக்கூட அந்த வழி உண்டு, 8 எம்எம் ஃபிலிமை ஒழுங்காக வைத்திருந்தால் இன்றைக்கும் நல்ல ஸ்கேன் கிடைக்கும். உன் கேசட்டுக்கு நெகடிவ் கிடையாது. காந்தப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் நாடா, அவ்வளவுதான். அதுவும் திருச்சி வெயிலில், ஓட்டுக்குக் கீழே, ஐப்பசி ஈரத்தில், இத்தனை வருஷமாக! பூஞ்சை பிடித்திருந்தால் ரீல் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும், கண்ணாலேயே தெரியும். போட்டுப் பார்க்கப் புதிதாக ஒரு டெக் வாங்கவும் வழியில்லை, ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ல் நிறுத்தியதோடு புதிய விஎச்எஸ் டெக் செய்ய ஆளே இல்லை.

ஆகவே கேள். எந்தக் கேசட்டையும் உன் பழைய டெக்கில் போட்டுப் பார்க்காதே, பூஞ்சை இருந்தால் டெக்கின் தலையும் போகும், நாடாவும் போகும். உங்கள் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களிடமும் கொடுக்காதே. நீ இங்கே எடுத்ததெல்லாம் என்டிஎஸ்சி என்கிற அமெரிக்க டிவி முறை, 525 கோடு, விநாடிக்குச் சுமார் 30 ஃபிரேம். அங்கே அதை இந்திய டிவியின் 'பால்' (PAL) சிஸ்டத்துக்கு மாற்றி, டிவிடியில் அமுக்கி, மேலே ரோஜாப்பூ பறக்கவிட்டுக் கொடுப்பார்கள். உன் பையன் ஏதோ ஆப்பில் போட்டு 4கே ஆக்கித் தருகிறேன் என்பான், அதற்கும் தலையாட்டாதே, மூர்த்தி முகத்தில் மெழுகு பொம்மைதான் வரும். முதலில் நாடாவில் இருப்பது இருக்கிறபடி கம்ப்யூட்டரில் ஏறட்டும், கோடு ஓடினாலும் நிறம் ஒழுகினாலும் பரவாயில்லை. அழகு பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இங்கே நாடாப் படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் எல்லாம் வைத்துப் பொறுமையாகச் செய்கிற ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன், செலவு என்னுடையது, பேசாதே.

ஜனவரியில் பாலாஜியின் மச்சான் சிகாகோ வருகிறான். அவன் கையில் கொடுத்துவிடு. கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல், எக்ஸ்ரே மெஷின் காந்த நாடாவை ஒன்றும் செய்யாது என்று அவனுக்குச் சொல்லி வை, இல்லையென்றால் பயந்து செக்-இன் பெட்டியில் திணித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை யாரையாவது ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறு, ஒவ்வொரு லேபிளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உன் கையெழுத்து உனக்கே புரியாது, நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு