பொழுதுபோக்காகவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'வாழ்க்கை, காலம், மனிதர்கள்' என்று தலைப்பிட்டுச் சுந்தர ராமசாமியைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்க்காரருக்கு முழுப் பக்கமா என்று மகிழ்ந்துபோய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியிலேயே வந்துவிட்டது: 'நாவலாசிரியரான இவர் பசுவய்யா என்ற பெயரில் பொழுதுபோக்காகக் கவிதைகளும் எழுதியுள்ளார்.' காப்பி ஆறிவிட்டது.

தாங்கள் அறியாததா? சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய 1959-ஆம் ஆண்டிலேயே அதில் 'உன் கை நகம்' வந்துவிட்டது. நகத்தை வெட்டு, அழுக்குச் சேரும் என்று சொல்கிற கவிதை. 'ஒரு புளியமரத்தின் கதை' புத்தகமானது 1966-ல். ஆக, பொழுதுபோக்கு அச்சேறி ஏழு வருடம் கழித்துத்தான் முதல் நாவலே கைக்கு வந்திருக்கிறது. தவிர, பொழுதுபோக்கு என்றால் பிழைப்புக்கு வேறொரு தொழில் இருக்க வேண்டும். அவருக்கு ஜவுளிக்கடை இருந்தது. அந்தக் கணக்கில் நாவலும் பொழுதுபோக்குதான். அதையும் தாராளமாக எழுதியிருக்கலாம், ஏன் தயங்கினீர்களோ தெரியவில்லை.

1966, 1981, 1998. அவர் எழுதிய நாவல்கள் மூன்றே மூன்று. நடுவில் பதினைந்து வருடம், பதினேழு வருடம். வாரம் தவறாமல் தொடர்கதை போட்டுப் பழகிய அலுவலகத்துக்கு இந்த இடைவெளி சோம்பலாகத் தெரியலாம். நான் தபால் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் சேர்ந்த புதிதில் நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்தியிருக்கிறேன். காலையில் தேதியை மாற்றாமல் விட்டுவிட்டால் அன்றைய கடிதங்கள் அத்தனையும் நேற்றையவை ஆகிவிடும். காலம் என்பது ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், புளியமரத்தைப் படிக்கும்வரை. அந்த மரத்தின் மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை கிடையாது. கடைக்காரர்களின் போட்டியும் நகராட்சித் தேர்தலும் நடக்கின்றன. நடுவில் நின்ற பாவத்துக்கு மரம் பட்டுப்போகிறது. மனித சுபாவம் பற்றி அதற்கு மேல் பெட்டிச் செய்தி போட என்ன இருக்கிறது? (அந்த நாவலில் ஒரு பத்திரிகை நிருபரும் வருகிறார். அவரைப் பற்றி விவரித்து உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை.)

பெட்டிச் செய்தி என்றதும் நினைவு வருகிறது. பக்கத்தின் கீழே, 'ஒரு பொன்மொழி' என்று மஞ்சள் கட்டத்துக்குள் நாலு வரி, பக்கத்தில் ஒரு மாப்பிள் இலைப் படம். தன் மரணச் செய்தி காதில் விழுந்தால் பதறாதே, ஓர் இலை உதிர்ந்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, இரங்கல் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க அலையாதே என்று நண்பனிடம் சொல்லும் கவிதை அது. நீங்கள் இரங்கல் கூட்டத்தை வெட்டிவிட்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் 'உதிர்ந்தாலும் துளிர்ப்போம்!' என்று ஒரு வரியை உங்கள் கைச்செலவில் சேர்த்திருக்கிறீர்கள். ஆச்சரியக்குறி உள்பட.

2011-ல் என் அண்ணன் இறந்தார். சங்கத்துக்காரர்கள் மண்டபம் பார்த்துவிட்டார்கள், பேச்சாளர் பட்டியலும் தயார். முந்தைய மாதம் வரை அண்ணனை உள்ளே விடாதவர்தான் தலைமை. எனக்கு அந்தக் கவிதைதான் நினைவில் வந்தது. வேண்டாம் என்றேன். 'ஹால் வாடகை கொடுக்க சித்தப்பாவுக்கு வலிக்குது' என்று அண்ணன் மகன் தெருவில் நின்று சொன்னான். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பொழுதுபோக்காக எழுதிய கவிதையை நம்பி யாராவது சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொள்வார்களா ஐயா?

எங்கள் செக்ஷனில் கறுப்புக் கரை போட்ட கருமாதிக் கார்டு வந்தால் அதை மேலாக வைத்துக் கட்டுவோம். விதியில் அப்படி எதுவும் இல்லை. அவரவர் வீட்டில் படித்ததும் கிழித்து வாசலில் போடுவார்கள். அந்தக் கார்டுகளைக் கையாண்டவனுக்கு, இலைக்கு மேல் ஒன்றுமில்லை என்ற வரி எப்படிப் படும் என்பதை உங்கள் உதவி ஆசிரியருக்கு விளக்க எனக்குத் திறமை போதாது.

2005 அக்டோபரில் சு.ரா. (சுந்தர ராமசாமியை அப்படித்தான் சொல்வோம்) அமெரிக்காவில் காலமானபோதும் உங்களுக்கு எழுதினேன். ஒன்றரைப் பக்கக் கடிதம் நாலு வரியாகி, 'பசுவய்யா' 'பசுவைய்யா'வாகி வெளிவந்தது. அதே இதழில் ஓர் இரங்கல் கூட்டப் புகைப்படம். மேடையில் இருந்தவர்களுக்குக் கால் பக்கம், இறந்தவருக்குத் தபால்தலை அளவு. தபால்தலை அளவு எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது வாசகர் கடிதத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. இன்று ராசிபலனுக்கும் கேசத் தைலத்துக்கும் நடுவே எங்களுக்கு அரைப் பத்தி. சந்தா மட்டும் இடைவெளி விடாமல் ஏறுகிறது.

அவருடைய இரண்டாவது நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளில் மலையாள எழுத்தாளன் ஜே.ஜே., தமிழ் எழுத்தாளன் பாலுவைப் பார்த்ததும், கல்கியின் தொடர்கதை நாயகி சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று கேட்பான். படித்த காலத்தில் அது பாலுவைக் கேட்ட கேள்வி என்று நினைத்தேன். பத்திரிகை அலுவலகங்களின் முகவரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. (உங்கள் கட்டுரையாளர் கற்பனைப் பாத்திரமான ஜே.ஜே.யைச் சு.ரா.வின் நெருங்கிய நண்பர் என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. அந்த ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டேதான் படித்தேன்.)

என் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்த இணைப்பில் 'பொழுதுபோக்காக' என்ற ஒரு சொல்லை நீக்கி வாசிக்கவும் என்று திருத்தம் போடுங்கள். கவிதையை வெளியிடுவதானால் முழுதாக, வரிகளை உடைக்காமல், இலைப் படம் இல்லாமல் போடுங்கள்.

இன்னொன்று. 2006-ல் அட்டையைப் படமெடுக்க வேண்டும் என்று என்னிடமிருந்த 'நடுநிசி நாய்கள்' என்ற பசுவய்யா கவிதைத் தொகுப்பின் பழைய பிரதியை உங்கள் நிருபர் வாங்கிப் போனார். அட்டைப் படம் எந்த இதழிலும் வந்ததாகத் தெரியவில்லை, புத்தகமும் வரவில்லை. உள் அட்டையில் நீல மையில் என் அண்ணன் கையெழுத்து இருக்கும். அலமாரியில் கிடந்தால் விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். செலவை நான் தருகிறேன். சாதாரணத் தபாலில் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
வடசேரி, நாகர்கோவில்.